கொலைகாரன் ஆகவும் அந்தஸ்து வேண்டும்

"பட்லர்தான் (பணக்கார வீட்டுத் தலைமை வேலைக்காரன்) கொலை செய்திருப்பான்" என்று துப்பறியும் கதைகளைக் கிண்டல் செய்வோம், இல்லையா? அப்படி முடிகிற பழைய கதைகளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். 1928-ல் அமெரிக்க எழுத்தாளர் எஸ்.எஸ். வான் டைன் துப்பறியும் கதைக்கு 20 விதிகள் எழுதினார். வீட்டு வேலையாளைக் குற்றவாளி ஆக்கக்கூடாது என்பது அதில் ஒன்று. அது ரொம்பச் சுலபமான முடிவாம். குற்றவாளி கொஞ்சம் மதிப்பான ஆளாக இருக்க வேண்டுமாம். கொலை செய்யக்கூட அந்தஸ்து பார்த்திருக்கிறார்கள்!

நிஜத்தில் கதையே வேறு. 1860-ல் இங்கிலாந்தில் ரோடு என்ற கிராமத்துப் பெரிய வீட்டில் மூன்று வயதுப் பையன் ஒருவன் கொல்லப்பட்டான். உள்ளூர் போலீஸின் கண் முதலில் போனது, அவனோடு ஒரே அறையில் தூங்கிய ஆயா எலிசபெத் காஃப் மேல். லண்டன் போலீஸ் தலைமையகமான ஸ்காட்லாந்து யார்டிலிருந்து வந்த துப்பறியும் அதிகாரி விச்சர் மட்டும் அந்த வீட்டு மகள் கான்ஸ்டன்ஸைச் சந்தேகப்பட்டார். அவருக்குக் கிடைத்த துப்பு வெளுக்கப் போட்ட துணிக்கணக்கு. கான்ஸ்டன்ஸின் இரவு உடை ஒன்று குறைந்தது. கூடையில் போட்டேன் என்று வேலைக்காரப் பெண் சாரா காக்ஸ் உறுதியாகச் சொன்னார். அப்படியென்றால் போட்டதை யாரோ திரும்ப எடுத்திருக்க வேண்டும். அழுக்குத் துணியை எண்ணுகிறவருக்குத் தெரியாத வீட்டு ரகசியம் ஏது? ஆனால் கௌரவமான குடும்பத்துப் பெண்ணைக் கைது செய்தார் என்று விச்சருக்குத்தான் திட்டு விழுந்தது. ஆயாவை மறுபடியும் கைது செய்து, அப்புறம் விட்டார்கள். 1865-ல் கான்ஸ்டன்ஸே குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

கதைகளில் வேலைக்காரியின் கண்ணும் காதும் எல்லோருக்கும் வேண்டும், அவள்தான் வேண்டாம். மில்வர்ட்டன் என்ற பிளாக்மெயில்காரன் வரும் கதையில் ஷெர்லாக் ஹோம்ஸ் பிளம்பர் வேஷம் போட்டு அவன் வீட்டு வேலைக்காரி அகதாவிடம் பழகி, கல்யாணம் வரைக்கும் பேசிவிடுகிறார். எல்லாம் வீட்டு நடப்பைத் தெரிந்துகொள்ளத்தான். இவர் வந்துபோக வசதியாக அவள் நாயைக்கூட அடைத்துவைக்கிறாள். அந்தப் பெண்ணின் கதி என்ன என்று வாட்சன் பதறிக் கேட்டால், ஒரு தோள் குலுக்கல், அவளைக் கட்டிக்கொள்ளப் போட்டிக்கு ஒருத்தன் இருக்கிறான் என்று ஒரு சமாதானம், அவ்வளவுதான். அப்புறம் அவள் கதி என்ன ஆனது என்று கதையில் பேச்சே இல்லை. ஹோம்ஸ் பக்தர்கள் கோபிக்கட்டும், எனக்கு அந்தக் கதையில் மில்வர்ட்டனைவிட இதுதான் உறுத்துகிறது.

அகதா கிறிஸ்டியின் 1953 நாவல் ஒன்றில் கிளாடிஸ் என்ற வேலைக்காரியைக் கொன்று மூக்கில் துணிக் கிளிப்பை மாட்டிவிட்டுப் போகிறான் கொலைகாரன். (படிக்காதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.) பணக்காரச் சாவுகளும் அதில் உண்டு. ஆனால் கிறிஸ்டியின் துப்பறியும் கிழவி மிஸ் மார்ப்பிள் கிளம்பி வருவது, தான் வேலை பழக்கிய இந்த அநாதைப் பெண்ணுக்காக. அந்தக் கிளிப்பை அவரால் தாங்க முடியவில்லை. எல்லாம் முடிந்து வீடு திரும்பினால், கிளாடிஸ் எப்போதோ எழுதிய கடிதம் தாமதமாக வந்து கிடக்கிறது. உள்ளே அவள் நம்பிய ஆளோடு எடுத்த போட்டோ. கிழவி அழுகிறார்.