எது ஏறும் என்று கேட்கும் முன், எத்தனை வாங்குவது என்று கேளுங்கள்

டிரேடிங்குக்குப் புதிதாக வருபவர்கள் கேட்பது எப்போதும் ஒரே கேள்விதான்: "எது ஏறும்?" சார்ட் படிக்கக் கற்பது, இண்டிகேட்டர்களை அடுக்குவது, காசு கட்டி டெலிகிராம் குழுவில் சேர்வது எல்லாமே இதற்குப் பதில் தேடித்தான். "எத்தனை வாங்குவது?" என்று கேட்பவர் அபூர்வம். ஆனால் பெரிய நஷ்டங்களைப் பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் இந்த இரண்டாவது கேள்வியில்தான் போய் முட்டும். கணிப்பு எல்லாருக்கும்தான் தப்புகிறது. அப்படித் தப்பும்போது 1% போக வேண்டிய இடத்தில் 16% போவதுதான் கணக்கைக் காலி செய்கிறது.

எண்களை வைத்தே பார்த்துவிடலாம். கையில் 1,00,000 இருக்கிறது. ஒரு பங்கு 250-இல் போய்க்கொண்டிருக்கிறது. வாங்கலாம் என்று படுகிறது. 242-க்கு வந்தால் கணிப்பு தப்பு, வெளியே வந்துவிட வேண்டும் என்று ஸ்டாப் லாஸும் முடிவு செய்தாயிற்று. இதுவரை எந்தக் குறையும் இல்லை. அடுத்து ஆப்பைத் திறக்கிறார். 5 மடங்கு லெவரேஜ் (கையிருப்பைப் போல ஐந்து மடங்குக்கு வாங்க புரோக்கர் தரும் வசதி) இருக்கிறது, 2,000 பங்கு வரை வாங்கலாம் என்று திரை காட்டுகிறது. 2,000 என்றே அடித்துவிடுகிறார். பங்கு 242-ஐத் தொடுகிறது. விலை இறங்கியது 3.2% மட்டுமே, கணக்கில் குறைந்ததோ 16,000. இதே மாதிரி மூன்று முறை தொடர்ந்து அடி வாங்கினால் 1,00,000 கரைந்து 59,000 சொச்சத்தில் வந்து நிற்கும்.

கணக்கைத் தலைகீழாகப் போட வேண்டும். முதலில், இந்த ஒரு டிரேடில் எவ்வளவு போனால் தாங்கும்? 1% என்று வைத்தால் 1,000. ஒரு பங்குக்கு எவ்வளவு போகும்? 250-இல் 242-ஐக் கழித்தால் 8. ஆயிரத்தை எட்டால் வகுத்தால் 125. வாங்க வேண்டியது 125 பங்குதான். அதற்கு ஆகும் பணம் 31,250, லெவரேஜே தேவைப்படவில்லை. பங்கு அதிகம் ஆடுகிறது, ஸ்டாப்பை 230-இல்தான் வைக்க முடியும் என்றால் வித்தியாசம் 20, எண்ணிக்கை 50 ஆகச் சுருங்கும். சந்தை எவ்வளவு ஆடுகிறதோ அவ்வளவு குறைத்து வாங்க வேண்டும் என்பதை இந்த வகுத்தலே சொல்லிவிடுகிறது. புதியவர்கள் செய்வது நேர் எதிர்: 125 பங்கு "பத்தாது" என்று 2,000 வாங்கிவிட்டு, நஷ்டம் பெரிதாகத் தெரிவதால் ஸ்டாப்பை 249-க்கு இழுத்து வைப்பார்கள். சாதாரண ஏற்ற இறக்கத்திலேயே அது அடிபட்டுப் போகும். பிறகு, "ஸ்டாப் லாஸை வேட்டையாடுகிறார்கள்" என்று புலம்பல்.

ஏன் 1%, ஏன் 10% கூடாது? தொடர் தோல்வி விதிவிலக்கு இல்லை, சாதாரணம். வெற்றி தோல்வி சரிபாதி என்று வைத்துக்கொண்டாலும், 100 டிரேடுக்குள் எங்காவது ஓரிடத்தில் தொடர்ந்து 5 தோல்வி வருவதற்கான வாய்ப்பு சுமார் 80%. தொடர்ந்து 6 வருவதற்கே பாதிக்கு மேல் வாய்ப்பு உண்டு. ஒவ்வொரு முறையும் 1% போனால் ஐந்தாவது தோல்விக்குப் பிறகு மீதி 95%. 16% போனால் மீதி 42% கூட இல்லை. அதே டிரேடுகள், அதே கணிப்புத் திறமை.

இறங்கியதை மீட்பது இன்னொரு தொல்லை. 10% போனால் பழைய நிலைக்கு வர 11% சம்பாதித்தால் போதும். 50% போனால் 100% வேண்டும். 80% போனால் 400%. பாதியை இழந்தவர் பொறுமையாக ஏறி வருவதில்லை. எண்ணிக்கையை இரண்டு மடங்காக்கி ஒரே டிரேடில் எல்லாவற்றையும் மீட்கப் பார்ப்பார். மீதிப் பாதியும் போவது பெரும்பாலும் அந்த வாரத்திலேயே.

இனி ஸ்டாப் லாஸ். இதை ஏதோ காப்பீட்டுப் பத்திரம் போல நம்புகிறார்கள். அது வெறும் ஆர்டர். சாதாரண ஸ்டாப் ஆர்டர், விலை தொட்டதும் மார்க்கெட் ஆர்டராக மாறும். அந்த நொடியில் வாங்க ஆள் எந்த விலையில் இருக்கிறாரோ அந்த விலையில்தான் விற்கும். இரவில் கெட்ட செய்தி வந்து, மறுநாள் பங்கு நடுவில் எங்கும் நிற்காமல் நேராக 225-இல் கேப் டவுனாகத் திறந்தால், 242-இல் வைத்த ஸ்டாப் 225-க்குப் பக்கத்தில்தான் நிறைவேறும். பங்குக்கு 8 என்று போட்ட நஷ்டம் 25 ஆகிவிட்டது. 125 பங்கு வைத்திருந்தவருக்கு 3,125 போயிருக்கும், வலிக்கும், அவ்வளவுதான். 2,000 வைத்திருந்தவருக்கு 50,000, பாதிக் கணக்கு ஒரே காலையில். ஸ்டாப் லிமிட், அதாவது குறித்த விலைக்குக் கீழே விற்காதே என்ற ஆர்டர், போட்டால் தப்பலாமா? அதில் வேறு வில்லங்கம். லிமிட் விலையைத் தாண்டி ஒரே தாவாகக் கீழே போய்விட்டால் ஆர்டர் நிறைவேறவே நிறைவேறாது. விற்றுவிட்டோம் என்ற நினைப்பில் இருப்பீர்கள்; பொசிஷன், அதாவது நீங்கள் வாங்கி வைத்தது, அப்படியே கிடக்கும்.

இதன் உச்சம் 2015 ஜனவரி 15. சுவிஸ் மத்திய வங்கி, ஒரு யூரோவுக்கு 1.20 ஃபிராங்க் என்று தான் காத்துவந்த வரம்பை முன்னறிவிப்பின்றிக் கைவிட்டது. சில நிமிடங்களில் யூரோ 1 ஃபிராங்குக்கும் கீழே விழுந்தது. நடுவில் வாங்க ஆளே இல்லாததால் ஸ்டாப்கள் எங்கெங்கோ போய் நிறைவேறின. போட்ட பணம் போனதோடு பலர் புரோக்கருக்குக் கடனாளியும் ஆனார்கள். ஆல்பாரி யூகே என்ற நாணய வர்த்தக புரோக்கர் திவாலானது. எஃப்எக்ஸ்சிஎம் என்ற இன்னொரு புரோக்கர் நிறுவனத்துக்கு வாடிக்கையாளர்கள் வைத்த பாக்கி மட்டும் சுமார் 22.5 கோடி டாலர், அது 30 கோடி டாலர் அவசரக் கடன் வாங்கித்தான் பிழைத்தது. "வாங்கினால் அதிகபட்சம் விலை பூஜ்யமாகும், அதற்கு மேல் என்ன போய்விடும்" என்பவர்களுக்கு 2020 ஏப்ரல் 20-ஐ நினைவுபடுத்தலாம். அன்று அமெரிக்க டபிள்யூடிஐ கச்சா எண்ணெயின் மே மாத ஃபியூச்சர்ஸ் (பின்னொரு தேதிக்கு இன்றே விலை பேசும் ஒப்பந்தம்) மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது.

ஐரோப்பியச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான எஸ்மா, 2018-இல் சிஎஃப்டி (பொருளை வாங்காமல் விலை வித்தியாசத்துக்கு மட்டும் போடும் ஒப்பந்தம்) வர்த்தகத்தில் சில்லறை முதலீட்டாளர்களுக்கு லெவரேஜ் வரம்பு வைத்தது: முக்கிய நாணய ஜோடிகளுக்கு 30 மடங்கு, தங்கத்துக்கு 20, தனிப் பங்குகளுக்கு 5, கிரிப்டோவுக்கு 2. கணக்கில் இருப்பதைவிட அதிகம் போகக்கூடாது என்ற பாதுகாப்பும் சேர்ந்தது. நல்ல நடவடிக்கைதான். ஆனால் 30 மடங்கு என்பது புதியவருக்கு இன்னமும் மிக அதிகம் என்பது என் கருத்து. அந்த விதிப்படி, கணக்கு இருப்பு தேவையான மார்ஜினில் (பொசிஷனுக்கு ஈடாக வைக்க வேண்டிய பணம்) பாதிக்கு இறங்கினால் புரோக்கர் பொசிஷனை மூட வேண்டும். 1,000 டாலரை முழுதாக மார்ஜினாக வைத்து 30,000 டாலருக்கு வாங்கியவருக்கு, விலை 1.7% எதிராகப் போனாலே 500 டாலர் போய்க் கதை முடிந்துவிடும். நாணயச் சந்தை கொந்தளிக்கும்போது அவ்வளவு நகர ஓரிரு நாள் போதும். யாரும் ஃபோன் செய்து கேட்கப் போவதில்லை. மென்பொருள் தானாக வெட்டிவிடும். மார்ஜின் போதவில்லை என்று எச்சரிக்கை வந்தால் புதுப் பணம் போடாதீர்கள். பொசிஷனில் பாதியைக் குறையுங்கள். பெரிய நஷ்டங்கள் வருவது பெரும்பாலும் இந்த "இன்னும் கொஞ்சம் போட்டுத் தாக்குப்பிடிப்போம்" என்ற இடத்திலிருந்துதான், அதுவும் பல சமயம் கடன் வாங்கி.

ஃபாரெக்ஸில், அதாவது நாணய வர்த்தகத்தில், லாட் அளவைப் புரிந்துகொள்ளாமல் போடுகிறவர்களும் உண்டு. 1 ஸ்டாண்டர்டு லாட் என்றால் 1,00,000 யூனிட். யூரோ/டாலரில் 1 பிப் (0.0001) நகர்ந்தால் 10 டாலர். கணக்கில் 1,000 டாலர் வைத்திருப்பவர் 1 லாட் எடுத்தால், 50 பிப் எதிராகப் போனதும் பாதி காலி. 0.01 அடிக்க வேண்டிய இடத்தில் 0.1 அடித்தால் நஷ்டமும் பத்து மடங்கு. ஆர்டரை அனுப்பும் முன் ஒரே ஒரு முறை சத்தமாகப் படித்துப் பாருங்கள்: வாங்குகிறேனா விற்கிறேனா, எத்தனை, என்ன விலை. கிறுக்குத்தனமாகத் தெரியும். செய்யுங்கள்.

கூடவே இன்னொரு சின்ன விஷயம். பொசிஷனைக் கையால் மூடிவிட்டு, நிலுவையில் இருக்கும் ஸ்டாப் லாஸ் ஆர்டரை ரத்து செய்ய மறப்பது. விலை பின்னர் அங்கே வந்து தொடும்போது அந்த ஆர்டர் நிறைவேறி, கையில் இல்லாததை விற்ற புது ஷார்ட் பொசிஷன் உருவாகிவிடும். அதற்கு ஸ்டாப்பும் இருக்காது. ஒவ்வொரு டிரேடும் முடிந்ததும் ஓபன் ஆர்டர் பட்டியலைப் பாருங்கள், அது காலியாக இருக்க வேண்டும்.

ஆப்ஷன் வாங்குவதில் கட்டிய பிரீமியத்துக்கு (ஆப்ஷனின் விலை) மேல் நஷ்டமில்லை என்று சொல்லியே புதியவர்களை இழுக்கிறார்கள். உண்மைதான், அந்தப் பிரீமியம் முழுசாகப் போவது அன்றாட நிகழ்ச்சி என்பதைச் சொல்வதில்லை. 100 ஸ்ட்ரைக் கால் ஆப்ஷனை, அதாவது பங்கை 100-க்கு வாங்கும் உரிமையை, 4 கொடுத்து வாங்குகிறீர்கள். எக்ஸ்பைரி அன்று, அதாவது அந்த உரிமை முடியும் நாளில், பங்கு 103. ஏறும் என்ற கணிப்பு பலித்துவிட்டது. ஆனாலும் கையில் வருவது 3, நஷ்டம் 25%. பங்கு 100-இலேயே நின்றிருந்தால் மொத்தமும் போயிருக்கும். கம்பெனி ரிசல்ட் வரும் முன் பிரீமியம் உப்பியிருக்கும், வந்த மறு நிமிடம் காற்று இறங்கிவிடும். பங்கு ஏறியும் ஆப்ஷன் விலை இறங்குவது அதனால்தான். எக்ஸ்பைரி நெருங்க நெருங்கக் கரைவதும் வேகமாகும். சரி, அப்படியானால் விற்பவராக இருந்துவிடலாமே என்று அடுத்த யோசனை வரும். மாதம் மாதம் சின்னச் சின்ன வரவு, பிறகு ஒரு நாள் எல்லாம் சேர்த்துத் திரும்பப் போகும். கையில் பங்கு இல்லாமல் கால் விற்றவருக்கு நஷ்டத்துக்கு உச்சவரம்பே கிடையாது. முதல் வருடத்தில் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

"எங்கள் டிப்ஸ் 100-க்கு 70 பலிக்கும்" என்ற ஸ்கிரீன்ஷாட்டுகளையும் இதே கண்ணோடு பாருங்கள். 70 முறை தலா 100 வந்து, 30 முறை தலா 300 போனால் வரவு 7,000, செலவு 9,000. லாபத்தைச் சட்டென்று எடுத்துவிட்டு நஷ்டத்தைப் பிடித்துத் தொங்குபவர்களின் கணக்கு அச்சு அசலாக இப்படித்தான் இருக்கும். நஷ்டத்தில் இருப்பதையே மேலும் வாங்கி ஆவரேஜ் செய்வது அதன் மோசமான வடிவம். லெவரேஜ் இல்லாமல், வருடக்கணக்கில் வைத்திருக்கும் முதலீட்டில் அதற்கு ஒரு நியாயம் இருக்கலாம். மார்ஜினில் ஓடும் பொசிஷனில் இல்லவே இல்லை. ஐந்து வங்கிப் பங்குகளில் தலா 1% என்று பிரித்துப் போட்டுவிட்டேன் என்பதும் ஏமாற்றுத்தான். ஐந்தும் ஒன்றாகவே விழும், அது ஒரே 5% பந்தயம்.

செலவும் சத்தமில்லாமல் தின்னும். கமிஷன், வரி, ஸ்பிரெட் (வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளி) எல்லாம் சேர்த்து ஒரு முறை வாங்கி விற்பதற்குப் பொசிஷன் மதிப்பில் 0.1% ஆகிறது என்று வையுங்கள். 5 மடங்கு லெவரேஜில் அது உங்கள் முதலீட்டில் 0.5%. நாளுக்கு இரண்டு டிரேடு, மாதம் 20 நாள்: முதலீட்டில் 20% செலவுக்கே போகிறது. கணிப்பில் ஒரு பைசா நஷ்டம் இல்லாமலேயே.

அனுபவம் வந்தால் சரியாகிவிடும் என்பார்கள். பிரேசில் ஃபியூச்சர்ஸ் சந்தையில் 2013 முதல் 2015 வரை புதிதாக நுழைந்த டே டிரேடர்களை (அன்றே வாங்கி அன்றே விற்பவர்கள்) ஆராய்ந்தார்கள். 300 நாளுக்கு மேல் விடாமல் செய்தவர்களிலேயே 97% பேர் நஷ்டம். இந்தியாவில் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வில், மூன்று நிதியாண்டுகளில் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன் செய்த தனிநபர்களில் 93% பேர் நஷ்டம். எஸ்மா திரட்டிய கணக்கில் சிஎஃப்டி கணக்குகளில் 74 முதல் 89% வரை. நாடு, சந்தை, கருவி எல்லாம் வேறு; பெரும்பாலானோருக்கு நஷ்டம் என்பது மட்டும் மாறவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் செய்தே தீருவேன் என்பவர்களுக்கு: முதல் 50 டிரேடு லெவரேஜ் இல்லாமல், முழுதாகப் போனாலும் வீட்டுச் செலவு பாதிக்காத தொகையில். டெமோ கணக்கு, பட்டன்களைப் பழக மட்டும். அதில் வரும் லாபத்தை நம்பாதீர்கள், அங்கே ஸ்லிப்பேஜும் (நினைத்த விலை ஒன்று, நிறைவேறும் விலை ஒன்று) பெரும்பாலும் இல்லை, பயமும் இல்லை. ஒரே நாளில் 2% போனால் அன்று கடை மூடல். உங்கள் புரோக்கரிடம் தினசரி நஷ்ட வரம்பு வைக்கும் வசதி இருந்தால் அதைக் காலையிலேயே போட்டுவிடுங்கள், மதியம் கை கேட்காது. நுழைவு, ஸ்டாப், எண்ணிக்கை, நுழைந்த காரணம் நான்கையும் ஆர்டர் போடும் முன்பே எழுதி வையுங்கள். 50 முடிந்ததும் செலவு போக மிச்சம் என்ன என்று கூட்டுங்கள். மைனஸ் என்றால் எண்ணிக்கையைக் கூட்ட எந்தக் காரணமும் கிடையாது.

ஏற்கெனவே பெரிய தொகையை விட்டவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சில வாரங்களில் ஒரு அழைப்பு வரக்கூடும். உங்கள் பெயர், எந்தத் தளத்தில் எவ்வளவு போனது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருக்கும். வக்கீல் என்பார்கள், அரசு அமைப்பு என்பார்கள், இழந்ததை மீட்டுத் தருகிறோம், முன்பணமாக வரியோ கட்டணமோ கட்டுங்கள் என்பார்கள். ஏமாந்தவர்களின் பட்டியலை விலைக்கு வாங்கி நடத்தும் தொழில் அது. உண்மையான கட்டுப்பாட்டு அமைப்பு எதுவும் பணத்தைத் திருப்பித் தர உங்களிடம் முன்பணம் கேட்காது. எண்ணைப் பிளாக் செய்யுங்கள், ஆதாரங்களோடு காவல்துறையில் புகார் கொடுங்கள், ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.