பக்கிங்ஹாம் வாசலோடு திரும்பாதீர்கள்

லண்டன் போகிற நம் ஆட்களில் பலர் பக்கிங்ஹாம் அரண்மனையின் கம்பிக்கதவுக்கு வெளியே நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அரண்மனை பார்க்கத்தான் ஆசை என்றால் வாட்டர்லூவில் ரயில் ஏறி ஹாம்ப்டன் கோர்ட்டுக்குப் போங்கள். ஸ்டேஷனில் இறங்கி தேம்ஸ் பாலத்தைத் தாண்டினால் வந்துவிடும்.

1515 வாக்கில் அதைக் கட்ட ஆரம்பித்தது ராஜா இல்லை, தாமஸ் வுல்சி என்கிற கார்டினல், அதாவது கத்தோலிக்கத் திருச்சபையின் உயர் பதவியில் இருந்தவர். எட்டாம் ஹென்றியின் முதல் கல்யாணத்தை ரத்து செய்ய போப்பிடம் சம்மதம் வாங்கித் தர முடியாததால் அவர் பதவி பறிபோனது. அரண்மனையும் ராஜா கைக்குப் போய்விட்டது.

ஹென்றியின் ஆறு மனைவிகள் கதைக்காகவே பலர் அங்கே போகிறார்கள். எனக்கு அதைவிடச் சமையல்கட்டுதான் பெரிது. தினமும் இரண்டு வேளை, சுமார் 600 பேருக்குச் சமைத்த இடம். அந்தப் பிரம்மாண்டமான அடுப்புகளின் முன்னால் நின்று, கம்பியில் கோத்த இறைச்சியை நாள் முழுக்கச் சுழற்றியவர்கள் பட்ட வெக்கையை நினைத்துப் பாருங்கள். ராஜாக்களைவிட அவர்களைப் பற்றித் தெரிந்துகொள்ளத்தான் எனக்கு ஆசை. 1540ல் வைத்த வானியல் கடிகாரத்தையும் விடாதீர்கள். லண்டன் பாலத்தருகே ஆற்றில் நீர் ஏறும் நேரத்தைக்கூட அது காட்டும். படகில் போய்வந்த அரசவைக்கு அது அவசியமாக இருந்தது.

1689ல் அப்போதைய ராஜா மூன்றாம் வில்லியமும் ராணி இரண்டாம் மேரியும் பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாக எழுப்பும் வேலையைக் கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் ரென்னிடம் கொடுத்தார்கள். 1694ல் மேரி பெரியம்மையில் இறந்ததும் வேலை நின்றுபோனது. அதனால்தான் இன்றைக்கும் ஒரு பக்கம் ஹென்றி காலத்து டியூடர் செங்கல், மறுபக்கம் ரென் கட்டிய, பரோக் என்கிற ஆடம்பர பாணி மாளிகை. முழுக்க இடித்திருந்தால் அந்தச் சமையல்கட்டும் மிஞ்சியிருக்காது.

சரி, நான் முக்கியமாகச் சொல்ல வந்தது சோபியா துலீப் சிங் பற்றி. பஞ்சாபின் கடைசி மகாராஜா துலீப் சிங்கின் மகள். சிறுவனாக இருந்த அவர் அப்பாவிடமிருந்துதான் ஆங்கிலேயர்கள் ராஜ்யத்தையும் கோகினூரையும் எடுத்துக்கொண்டார்கள். விக்டோரியா ராணி சோபியாவுக்கு அரண்மனையை ஒட்டிய ஃபாரடே ஹவுஸில் குடியிருக்க இடம் கொடுத்தார். ராணியின் தயவில் கிடைத்த வீடு என்று அவர் அடங்கிப் போகவில்லை. பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டுப் போராடினார். ஓட்டு இல்லையென்றால் வரியும் இல்லை என்று மறுத்தார். 1913ல் அந்த அரண்மனை வாசலிலேயே நின்று போராட்டப் பத்திரிகையை விற்றார். ஆறு மனைவிகளுக்குக் கொடுக்கும் இடத்தில் பாதியாவது இவருக்குக் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அந்த வீட்டுச் சுவரில் அவர் பெயரில் நினைவுப் பலகை வைத்ததே 2023ல்தான். அரண்மனைக்குள் நுழையும் முன் அதையும் ஒரு எட்டு போய்ப் பாருங்கள்.