வெறுங்கால் கிரிவலம் மரத்துப்போன காலைச் சரியாக்காது

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலை கிரிவலப் பாதையை வெறுங்காலில் சுற்றினால், கல் அழுந்தி நரம்பு தூண்டப்பட்டு, சர்க்கரை நோயால் மரத்துப்போன கால் சரியாகிவிடும் என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. பொய். தயவுசெய்து இதை அப்பா அம்மாவுக்கு அனுப்பாதீர்கள்.

பல வருடம் ரத்தத்தில் சர்க்கரை கூடுதலாக இருந்ததால் பழுதான நரம்பை, வெளியிலிருந்து கல் அழுத்தி மீட்க முடியாது. நடந்தால் சர்க்கரை குறையும் என்பது உண்மைதான், ஆனால் அது செருப்போடு நடந்தாலும் குறையும். மரத்த கால் உள்ளவர் 14 கிலோமீட்டர் வெறுங்காலில் நடக்கும்போது கண்ணாடித் துண்டு ஏறினாலும், வெயிலில் காய்ந்த தார்ச்சாலை மாலையிலும் சுட்டுக் கொப்புளம் போட்டாலும் வலிக்காது, வலிக்காததால் நிற்கவும் மாட்டார், அப்புறம் அந்தப் புண் ஆறாமல் சீழ் பிடித்து விரலையே எடுக்கும் நிலை வரைக்கும் போகலாம்.

வேண்டுதல் என்றால் அது அவரவர் நம்பிக்கை, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மருத்துவம் என்று சொல்லி அனுப்புவதுதான் தவறு. கால் மரத்தவர்கள் எம்.சி.ஆர். செருப்பு (உள்ளங்காலில் அழுத்தம் குறைக்கும் மென்மையான ரப்பர் செருப்பு) போட்டு நடக்கலாம். வீட்டுக்கு வந்ததும் உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் வெளிச்சத்தில் யாராவது பார்த்துவிட வேண்டும்.