அந்த சார் ஒரு மாதிரி

வேலூர் மே மாத வெயிலில் உட்கார்ந்து பனி கொட்டும் படம் பார்ப்பது தனி சுகம். போன ஞாயிறு மதியம், கரண்ட் போய்ப் போய் வந்துகொண்டிருந்த நேரத்தில் ‘மை சன்ஷைன்’ பார்த்தேன். ஹிரோஷி ஒகுயாமா எடுத்த ஜப்பானியப் படம், 2024 கான் திரைப்பட விழாவில் திரையிட்டார்கள். ஒன்றரை மணி நேரம்தான். எனக்குப் பழக்கமான ஐஸ், மீன் மார்க்கெட்டில் சாக்கு சுற்றி இறக்குகிற பாளம் மட்டும்தான். நமக்குச் சம்பந்தமில்லாத சமாச்சாரம் என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன்.

பையன் பெயர் தகூயா. திக்கித் திக்கிப் பேசுவான். குளிர்காலத்தில் மற்றப் பையன்களோடு ஐஸ் ஹாக்கி ஆடுவான், சுமாராக. ஒருநாள் சகுரா என்கிற பெண் டெபுஸ்ஸியின் ‘கிளேர் தெ லூன்’ இசைக்கு ஐஸ் மேல் தனியாக ஃபிகர் ஸ்கேட்டிங் ஆடுவதைப் பார்க்கிறான். அவ்வளவுதான், ஆள் காலி. ஹாக்கி ஷூவைப் போட்டுக்கொண்டே அவளைப்போலச் சுழலப் பார்க்கிறான், விழுகிறான், எழுகிறான், மறுபடியும் விழுகிறான்.

ஃபிகர் ஸ்கேட்டிங் ஷூவின் பிளேடு முனையில் ரம்பம் மாதிரிப் பற்கள் இருக்கும். அதை ஐஸில் குத்தித்தான் சில தாவல்களுக்கு எழும்புவார்கள். ஹாக்கி பிளேடில் பல்லே கிடையாது. சகுராவின் கோச் அரகாவா இவன் படும் பாட்டைப் பார்த்துவிட்டுத் தன் பழைய ஷூவைக் கொடுக்கிறார். பெரிய பேச்சு ஒன்றுமில்லை. ஒரு வாத்தியார் ஒரு பையனைத் தேர்ந்தெடுப்பதை இதைவிட அழகாகக் காட்ட முடியுமா, தெரியவில்லை. அப்புறம் இரண்டு பேரையும் ஜோடி சேர்த்து ஐஸ் டான்ஸ் பழக்குகிறார். தூக்கிப்போட்டுப் பிடிக்கிற வேலை அதில் கிடையாது, ஒருவர் காலுக்கு ஒருவர் கால் இணங்க வேண்டும். உறைந்த ஏரியில் மூன்று பேரும் பாட்டுப் போட்டு ஆடுகிற காட்சியை இரண்டு முறை பார்த்தேன். இயக்குநர் சின்ன வயதில் ஸ்கேட்டிங் பழகியவராம், கேமராவும் அவரேதான். பார்த்தாலே தெரிகிறது.

முதல் காதல் படம் என்கிறார்கள். பையன் சகுராவைப் பார்க்கிறான். சகுரா கோச்சைப் பார்க்கிறாள். கோச் பையனையே பார்த்துக்கொண்டிருக்கிறார், தன் பழைய நாட்களைப் பார்ப்பதுபோல. கோச் தன் காதலரோடு வாழ்கிறார், அவரும் ஆண். அந்த இருவரையும் ஒருநாள் சகுரா தூரத்திலிருந்து பார்த்துவிடுகிறாள். அவள் வாயிலிருந்து அருவருப்பாக ஒரு சொல் வருகிறது. ஜோடியாக ஆடிக்காட்ட வேண்டிய தேர்வு நாளன்று அவள் வரவே இல்லை. மூன்று பேருடைய குளிர்காலமும் அதோடு சரி.

“விஷம்டி அந்தப் பொண்ணு” என்று எங்கள் வாட்ஸப் குழுவில் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். நான் பதில் போடவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1994. குடியாத்தம். எனக்கு எட்டாம் வகுப்பு. ஆண்டு விழாவுக்குப் பின்னல் கோலாட்டம். மேலேயிருந்து கலர் கலராகக் கயிறு தொங்கும். ஒரு கையில் கயிறு, ஒரு கையில் கோல். உள்ளே ஒருவர், வெளியே ஒருவர் என்று புகுந்து புறப்பட்டால் மேலே ஜடை மாதிரி பின்னிக்கொண்டே வரும். பிறகு அதே அடியைத் திருப்பிப் போட்டால் பின்னல் அவிழும். ஒரு ஆள் தப்பாகப் புகுந்தால் போச்சு, எல்லாரும் நின்றுவிட வேண்டும்.

சொல்லிக்கொடுக்க வெளியிலிருந்து ஒரு டான்ஸ் சார் வந்தார். குரல் மென்மை, நடை இன்னும் மென்மை. எனக்கு அவர் மேல் ஒரு இது. வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று அவர் மாதிரியே கழுத்தைச் சாய்த்துப் பார்ப்பேன். ஆனால் அவர் கவனமெல்லாம் என் ஜோடிப் பையன் மேல்தான். அடி பிடிபடாமல் தவித்தவன் அவன்தான், அதனால் என்று இப்போது புரிகிறது. சாயங்காலம் சாரை அழைத்துப்போக டிவிஎஸ் ஃபிஃப்டியில் ஒரு அண்ணன் வருவார். சார் பின்னால் உட்கார்ந்து அவர் தோளில் கை வைத்துக்கொள்வார். அவ்வளவுதான் நான் பார்த்தது.

அன்றைக்கு ராத்திரி அத்தையிடம் சொன்னேன்: “அந்த சார் ஒரு மாதிரி, அத்தை.”

தமிழில் இதைவிடக் கொடூரமான வார்த்தை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கெட்ட வார்த்தை கிடையாது, பொய் என்றும் யாரும் பிடிக்க முடியாது. மிச்சத்தைக் கேட்கிறவர்களே நிரப்பிக்கொள்வார்கள். அத்தை அம்மாவிடம், அம்மா குழாயடியில். பத்து நாளில் சார் வருவது நின்றது. ஆண்டு விழாவில் எங்கள் வகுப்புக்கு மாறுவேடப் போட்டி என்று மாற்றிவிட்டார்கள்.

எனக்குப் பதின்மூன்று வயது. நியாயம் சொல்லவில்லை, வயதைச் சொல்கிறேன். அந்த வயதில் ஆசைக்கும் பொறாமைக்கும் பெயர் தெரியாது, ஊர் எந்தச் சொல்லை ரெடியாக வைத்திருக்கிறதோ அதை எடுத்து வீசுகிறோம். சகுராவும் அதைத்தான் செய்தாள். படம் அவளை அழவைத்து மன்னிப்புக் கேட்க வைக்கவில்லை, தண்டிக்கவும் இல்லை. அந்த ஒன்றுக்காகவே இந்தப் படத்தைத் தலையில் வைத்துக்கொள்வேன். நம் ஆட்கள் எடுத்திருந்தால் கோயில் மண்டபம், மழை, காலில் விழுதல் என்று ஒரு ரீல் ஓட்டியிருப்பார்கள்.

கடைசியில் பனியெல்லாம் போன பிறகு, ஒரு வழியில் தகூயாவும் சகுராவும் எதிரெதிரே வருகிறார்கள். அவன் பேச வாயெடுக்கிறான். படம் முடிந்துவிடுகிறது.

மூன்று வருஷம் முன்னால் ஆம்பூரில் ஒரு கல்யாணம். பிரியாணிப் பந்தியில் பக்கத்து இருக்கையில் என் பழைய கோலாட்ட ஜோடி. தலை நரைத்துவிட்டது. “நம்ம டான்ஸ் சார் ஏன் திடீர்னு நின்னுட்டாரு, உனக்கு ஏதாவது தெரியுமா?” என்று கேட்டான். கத்திரிக்காய் வாளியோடு ஆள் வந்தார். அவன் இலைக்கு இன்னும் கொஞ்சம் போடச் சொன்னேன்.