ஓட்டு இந்த ஊரில், போலீஸ் பக்கத்து ஊரில்

மூன்று வாரமாக நெஞ்சுக்குள் கொதித்துக்கொண்டிருக்கிறது. இன்றைக்குக் கொட்டித் தீர்த்துவிடுகிறேன்.

கலிஃபோர்னியாவில் ஒரு சின்ன ஊரில் 16 வருடமாக இருக்கிறோம். பிள்ளைகள் போய்வரும் நேரத்தில் பள்ளிக்கூடத் தெருவில் 25 மைல் வேகத்துக்கு மேல் போகக் கூடாது. காலை 8 மணிக்கு அதைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் வந்த ஒரு வண்டி, என் மகளின் சைக்கிள் பின்சக்கரத்தை இடித்துவிட்டு நிற்காமல் பறந்துவிட்டது. முழங்கைச் சிராய்ப்போடு தப்பித்தாள். பிள்ளை நடுங்கிக்கொண்டு நடைபாதையில் உட்கார்ந்திருக்கிறாள், போலீஸ் வந்து சேர 50 நிமிடம்! வந்த அதிகாரி மேல் எனக்குக் கோபமே இல்லை. தன்மையாகப் பேசினார், எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். பாவம், அந்த நேரத்தில் இரண்டு ஊருக்கும் அவர் ஓடிக்கொண்டிருந்தார். எங்கள் ஊருக்கென்று போலீஸ் கிடையாது. பக்கத்து ஊர் போலீஸைத்தான் ஒப்பந்தம் போட்டு வைத்திருக்கிறோம்.

அறிக்கையின் நகல் வாங்கக்கூட பக்கத்து ஊருக்குத்தான் போனேன். பள்ளி நேரத்தில் ஒரு அதிகாரியைத் தெருவில் நிறுத்தக் கூடாதா என்று எங்கள் சிட்டி ஹாலில் கேட்டால், அது ஒப்பந்தத்தில் இல்லையாம். சரி, பக்கத்து ஊர் நகரசபைக் கூட்டத்துக்குப் போனேன். பொதுமக்கள் பேச 3 நிமிடம் கொடுத்தார்கள், பேசினேன். உங்கள் ஊர் சபையில் எழுப்ப வேண்டிய விஷயம் இது என்றார்கள். எங்கள் ஊர் சபையில் வந்து இன்னொரு 3 நிமிடம் பேசினேன். அதிகாரிகளை எங்கே நிறுத்துவது என்பது போலீஸ் தலைவரின் முடிவு என்றார்கள். அந்தத் தலைவரை நியமிப்பது யார்? பக்கத்து ஊர் சிட்டி மேனேஜர், அதாவது நகர நிர்வாகத்தைக் கவனிக்கும் அதிகாரி. அவரை நியமிப்பது யார்? பக்கத்து ஊர் நகரசபை. அந்தச் சபைக்கு ஓட்டுப் போட எனக்கு உரிமை இருக்கிறதா? இல்லை! நான் ஓட்டுப் போடும் ஊரில் போலீஸ் இல்லை, போலீஸ் இருக்கும் ஊரில் எனக்கு ஓட்டு இல்லை. வரி மட்டும் தவறாமல் என் பையிலிருந்து போகிறது.

சின்ன ஊருக்குச் சொந்த போலீஸ் கட்டுப்படியாகாது என்பது எனக்கும் தெரியும். வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் 40 மணி நேரம் வேலை பார்ப்பார். விடுப்பு, பயிற்சி, கோர்ட்டுக்குப் போகும் நாள் எல்லாம் கழித்தால், ஒரே ஒரு ரோந்து வண்டியை இரவும் பகலும் ஓட வைக்கவே ஐந்து பேர் வேண்டும். அப்புறம் அழைப்பை எடுப்பவர், துப்பறிவாளர், பென்ஷன். 1954-இல் லேக்வுட் என்ற ஊர் தனி நகரமானபோது, போலீஸ் உள்படப் பல வேலைகளை லாஸ் ஏஞ்சலிஸ் கவுன்ட்டியிடமே (நம்மூர் மாவட்டம் மாதிரி) ஒப்பந்தமாக விட்டது. அதைப் பார்த்து எத்தனையோ ஊர்கள் அதே வழியில் போயின. கலிஃபோர்னியா சட்டமும் இதற்கு இடம் கொடுக்கிறது. நான் ஒப்பந்தமே வேண்டாம் என்று சொல்லவில்லை. பணத்தைக் கொடுத்துவிட்டு, கேள்வி கேட்கும் உரிமையையும் சேர்த்து ஏன் கொடுத்துவிட்டோம் என்றுதான் கேட்கிறேன்.

கடஹி என்ற குட்டி ஊருக்கு நடந்தது தெரியுமா? லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம், இருபதாயிரத்துச் சொச்சம் பேர், பெரும்பாலும் உழைக்கும் லத்தீனோ குடும்பங்கள். பக்கத்து ஊரான மேவுட்டின் போலீஸைத்தான் ஒப்பந்தத்துக்கு எடுத்திருந்தார்கள். அந்தப் போலீஸ் துறையில் அத்துமீறல் மலிந்து கிடந்ததை மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகமே விசாரித்து 2009-இல் அறிக்கை வெளியிட்டது. வழக்குகள் குவிந்தன, காப்பீடு ரத்தானது. 2010-இல் மேவுட் தன் போலீஸையே கலைத்துவிட்டது. தெருவில் அடி வாங்கிய கடஹிக்காரன் யாரைத் தேர்தலில் தோற்கடிப்பான்? போலீஸைக் கலைக்கும் முடிவிலும் அவனுக்குக் குரல் இல்லை. அதற்குப் பிறகுதான் கடஹி, கவுன்ட்டி போலீஸின் தலைவரான ஷெரிஃபிடம் போனது.

யோர்பா லிண்டா என்ற ஊரின் கதை வேறு. பக்கத்து ஊரான ப்ரேயாவின் போலீஸ் அங்கே 1970-இலிருந்து 40 வருடத்துக்கு மேல் வேலை பார்த்தது. செலவுக் கணக்கில் தகராறு முற்றி, 2012-இல் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு ஆரஞ்சு கவுன்ட்டி ஷெரிஃபிடம் போக நகரசபை முடிவு செய்தது. பழகிய போலீஸை விட மனமில்லாமல் எத்தனையோ பேர் எதிர்த்தார்கள். ஆனால் அங்கே விவாதமாவது நடந்தது! வேண்டும் என்றவர்களும் வேண்டாம் என்றவர்களும் எழுந்து நின்று பேசினார்கள்.

எங்கள் ஊரில் அதுவும் இல்லை. இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்த கதைதான். சொந்தத் துறையைக் கலைத்தபோது ஸ்டேஷன் கட்டடத்தையும் விற்றுவிட்டோம். நாளைக்குப் பக்கத்து ஊர் கட்டணத்தை ஏற்றினால், கொடுப்பதைத் தவிர நமக்கு வேறு வழி என்ன இருக்கிறது?

நான் கேட்பது பெரிய விஷயமே இல்லை. அழைத்தால் எத்தனை நிமிடத்தில் வருகிறார்கள் என்ற கணக்கை எங்கள் ஊருக்கென்று தனியாக மாதாமாதம் சபையில் வையுங்கள். இரண்டு ஊரையும் சேர்த்துச் சராசரி காட்டாதீர்கள், என் மகள் உட்கார்ந்திருந்த 50 நிமிடம் அந்தச் சராசரிக்குள் காணாமல் போகிறது. எங்கள் ஊரில் நடந்ததைப் பற்றிய புகாரின் முடிவு எங்கள் சபைக்கும் வரட்டும். பள்ளி நாட்களில் காலை ஒரு மணி நேரம் ஒரு அதிகாரி அந்தத் தெருவில் நிற்கட்டும். மூன்றையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

ஒப்பந்தப் புதுப்பிப்பு வருகிற செவ்வாய்க்கிழமை சபைக்கு வருகிறது. எங்கே போட்டிருக்கிறார்கள் தெரியுமா? கன்சென்ட் காலண்டரில்! போன கூட்டத்தின் குறிப்பு, காசோலைப் பட்டியல் இவற்றோடு சேர்த்து, விவாதமே இல்லாமல் ஒரே ஓட்டில் நிறைவேற்றும் பட்டியலில். ஐந்து வருடத்துக்கு எங்கள் பாதுகாப்பை ஒப்படைக்கும் தாள் அது. அதைத் தனியாக எடுத்து விவாதிக்கச் சொல்லி இன்று காலை ஐந்து உறுப்பினர்களுக்கும் எழுதியிருக்கிறேன். இதுவரை ஒருவர்கூடப் பதில் போடவில்லை. மகள் இன்னமும் அந்தத் தெருவில் சைக்கிளை விட்டு இறங்கி, தள்ளிக்கொண்டுதான் போகிறாள்.