71 போரில் நின்றவருக்கு ஏன் பென்ஷன் இல்லை?

மிலிட்டரிக்காரர் என்றாலே பென்ஷன், கேன்டீன் என்று வசதியாக இருப்பார் என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஒரு சிப்பாய்க்குப் பென்ஷன் வர 15 வருஷ சர்வீஸ் முடிந்திருக்க வேண்டும். அப்பா இறந்து, நிலத்தைப் பார்க்க ஆளில்லாமல் எட்டு ஒன்பது வருஷத்தில் ஊர் திரும்பியவருக்கு அது கிடையாது. நடுவில் அவர் பாகிஸ்தானுடனான 1971 போரில் நின்றிருந்தாலும் கிடையாது.

எங்கள் தெருவில் அப்படி ஒரு பெரியவர் இருக்கிறார். டிஸ்சார்ஜ் புக்கையும், 71 போரில் கிழக்கு முனையில் நின்றவர்களுக்குக் கொடுத்த பூர்வி ஸ்டார் பதக்கத்தையும் ஒரே பாலித்தீன் கவரில் சுற்றி பீரோவில் வைத்திருக்கிறார். எழுபது வயதுக்கு மேலும் ராத்திரி வாட்ச்மேன் வேலைக்குப் போனார். முட்டி வலி தாங்காமல் இப்போதுதான் நின்றார்.

இவர்களுக்காக ஒரு திட்டம் இருக்கிறது. 65 வயது தாண்டி, பென்ஷனோ நிலையான வருமானமோ இல்லாத முன்னாள் படைவீரர்களுக்கும் அவர்களின் விதவைகளுக்கும் (ஹவில்தார் பதவி வரை) மத்திய அரசு மாதம் 4,000 ரூபாய் கொடுத்து வந்தது. 2025 நவம்பர் 1 முதல் வரும் விண்ணப்பங்களுக்கு அது 8,000. நல்ல முடிவு, மனதார வரவேற்கிறேன்.

ஆனால் அந்தப் பணம் கொடி நாள் நிதியிலிருந்து வருகிறது. டிசம்பர் 7 அன்று பள்ளிக்கூடத்தில் காசு கொடுத்துச் சட்டையில் குத்திக்கொண்டோமே, அந்தக் காகிதக் கொடியின் நிதி. மக்கள் கொடுப்பது பெரிய விஷயம்தான். ஆனால் போருக்கு அனுப்பியது அரசாங்கம். வயதான காலத்தில் அவருக்குச் சோறு போடுவதும் அரசாங்கத்தின் கடமை. பட்ஜெட்டில் பணம் ஒதுக்கி, அகவிலைப்படியோடு, உரிமையாகக் கொடுக்க வேண்டும். 71-ல் இருபது வயதில் இருந்தவர்களுக்கே இப்போது எழுபத்தைந்து நெருங்கிவிட்டது. இதற்கு ஆகும் செலவு வருஷா வருஷம் குறையத்தான் போகிறது.

உடல் கெட்டு வெளியே வந்தவர்கள் பாடு இன்னும் மோசம். ‘இந்த நோய் சர்வீஸால் வந்ததல்ல’ என்று மெடிக்கல் போர்டு ஒரு வரி எழுதினால் ஊனமுற்றோர் பென்ஷன் போச்சு. சேரும்போது நோய் இருந்ததாகப் பதிவு இல்லையென்றால் அது சர்வீஸில் வந்ததாகத்தான் கொள்ள வேண்டும், இல்லை என்று நிரூபிப்பது அரசின் வேலை என 2013-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்படியும் வக்கீல் பிடித்து ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் படி ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். கால் நடக்க முடியாதவரை எதற்கு இப்படி அலைய விட வேண்டும்?

உங்கள் ஊரிலும் யாராவது இருப்பார்கள். விசாரியுங்கள். டிஸ்சார்ஜ் புக்கோடு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குக் கூட்டிப் போங்கள். விண்ணப்பம் ஆன்லைனில்தான், அவர்களுக்கு அது பழக்கமில்லை. பக்கத்தில் உட்கார்ந்து நிரப்பிக் கொடுங்கள். அவர் காலமாகியிருந்தால் அந்த அம்மாவிடம் கேளுங்கள், அவருக்கும் உண்டு.