ஜனவரி 6 பதக்கம்: ஆளுக்கொன்று அல்ல
2021 ஜனவரி 6 அன்று அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடமான கேபிடலுக்குள் டிரம்ப் ஆதரவாளர்கள் புகுந்து கலவரம் செய்தார்கள். "அந்தக் கலவரத்தைத் தடுத்த ஒவ்வொரு போலீஸ்காரருக்கும் நேஷனல் கார்டு (ராணுவ ரிசர்வ் படை) வீரருக்கும் தங்கப் பதக்கம் கொடுத்தார்கள்" என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். அது சரியல்ல. 2021 ஆகஸ்டில் அப்போதைய அதிபர் பைடன் கையெழுத்திட்ட சட்டப்படி, அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் வழங்கும் தங்கப் பதக்கங்கள் மொத்தமே நான்கு. கேபிடல் போலீஸ் தலைமையகத்துக்கு ஒன்று, வாஷிங்டன் நகரப் போலீசுக்கு ஒன்று. மற்றவை ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்திலும் கேபிடல் கட்டடத்திலும் காட்சிக்கு வைக்க. 2022 டிசம்பர் 6 அன்றுதான் வழங்கினார்கள்.

வெளி மாநிலக் காவலர்களை ஒதுக்கிவிட்டார்கள் என்று நீங்கள் சொல்வதும் தவறு. பக்கத்து மாநிலமான வர்ஜீனியாவின் அப்போதைய ஆளுநர் நார்தம், கலவரம் நடந்த அன்றே 200 மாநிலப் போலீசாரை அனுப்பினார். இப்படி உதவிய எல்லாக் காவல் அமைப்புகளின் பெயரும் ஸ்மித்சோனியன் பதக்கத்தோடு ஒரு பலகையில் இடம்பெற வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. அடிவாங்கி நின்றவர்களைப் பாராட்டும்போது விவரம் பிசகக் கூடாது, தயவுசெய்து பதிவைத் திருத்துங்கள்.